3000-ஆம் ஆண்டு கிரகணத்தை இன்றே சொல்ல முடியுமா?

பெங்களூரு ஜெயநகரில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது. அவருடைய மகள் பத்தாவது படிக்கிறாள். கணினியில் வானத்தைக் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளை வைத்துக்கொண்டு ஆண்டை முன்னும் பின்னும் தள்ளிப் பார்ப்பது அவளுக்குப் பொழுதுபோக்கு. "ஆயிரம் வருஷம் கழித்து வரப்போகிற சூரிய கிரகணத்தைக்கூட நிமிடக் கணக்கோடு காட்டுகிறதே, இதை எவ்வளவு தூரம் நம்பலாம்? அவ்வளவு தள்ளி இருப்பதை இப்போதே கணக்குப் போட்டு யாருக்கு என்ன லாபம்?" வாய்வழியாகச் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதியே அனுப்புகிறேன்.

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: 3000-ஆம் ஆண்டுக் கிரகணம் நடக்கும் என்பதை நம்பலாம். தேதியையும் ஏறக்குறைய நம்பலாம். எந்த ஊரில் தெரியும் என்று வரைபடம் காட்டுகிறதே, அதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள்.

இதில் ஒரு விந்தை இருக்கிறது. தூரத்தில் இருக்கும் சூரியனும் சந்திரனும் கணக்குக்குக் கட்டுப்படுகின்றன. நம் காலடியில் இருக்கும் பூமிதான் கட்டுப்பட மாட்டேன் என்கிறது.

சந்திரனை முதலில் பார்ப்போம். 1969-இல் அப்பல்லோ 11 வீரர்கள் அங்கே ஒரு கண்ணாடித் தட்டை வைத்துவிட்டு வந்தார்கள். பிறகு அப்பல்லோ 14, 15 குழுவினரும் வைத்தார்கள். ரஷ்யாவின் லூனோகோட் வண்டிகளிலும் அப்படிப்பட்ட கண்ணாடிகள் உண்டு. பூமியிலிருந்து லேசர் ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்தால் தூரம் வந்துவிடும். ஏறக்குறைய நாலு லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒன்றின் தூரம் இன்று சென்டிமீட்டருக்கும் குறைவான பிசகோடு தெரிகிறது. அரை நூற்றாண்டுக்கு மேலான இந்த அளவீடுகளை வைத்துத்தான் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் கோள்நிலைக் கணக்குகளைத் தயாரிக்கிறது. 2021-இல் வெளியான டிஇ441 என்ற தொகுப்பு கி.மு. பதின்மூவாயிரத்துச் சொச்சத்திலிருந்து கி.பி. பதினேழாயிரத்துச் சொச்சம் வரை போகிறது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. சூரியக் குடும்பமே ஓரளவு தாறுமாறான இயக்கம் கொண்டது என்பதைப் பிரெஞ்சு வானியலாளர் ழாக் லஸ்கார் 1989-இல் கணக்கிட்டுக் காட்டினார். தொடக்கத்தில் உள்ள சின்னப் பிசகு சுமார் 50 லட்சம் ஆண்டுக்கு ஒரு முறை மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் பெருகுகிறது. கிரகணம் பற்றிய நம் கவலைக்கு அது ரொம்பத் தள்ளி. அதற்கு வெகு முன்பே பூமி காலை வாரிவிடுகிறது.

எப்படி? சந்திரன் கடலை இழுப்பதால் ஓதம் எழுகிறது. அந்தத் தண்ணீர் கடலடியில் உரசுவதால் பூமியின் சுழற்சி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. பூமி இழக்கும் சுழல் உந்தம் சந்திரனுக்குப் போய்ச் சேர்கிறது. அதனால் சந்திரன் ஆண்டுக்கு சுமார் 3.8 சென்டிமீட்டர் நம்மைவிட்டு விலகுகிறது. நாளின் நீளம் ஒரு நூற்றாண்டில் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தால் சராசரியாக 1.8 மில்லிவிநாடிதான். அதாவது ஒரு விநாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. இதற்குப்போய் இவ்வளவு அலட்டலா என்று தோன்றும்.

ஆனால் இது சேர்ந்துகொண்டே போகும் கணக்கு. தினமும் ஒரே அளவு தாமதமாகும் சுவர்க்கடிகாரம் என்றால் பரவாயில்லை, ஈடுகட்டிவிடலாம். இது நாளுக்கு நாள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தாமதமாகும் கடிகாரம். நூற்றாண்டின் முடிவில் நாள் 1.8 மில்லிவிநாடி நீண்டிருக்கும் என்றால் இடைப்பட்ட சராசரி 0.9. அதை 36,525 நாட்களால் பெருக்கினால் சுமார் 33 விநாடி. இரண்டு நூற்றாண்டுக்கு 66 அல்ல, நாலு மடங்கு. பத்து நூற்றாண்டுக்கு நூறு மடங்கு: 3,300 விநாடி, கிட்டத்தட்ட 55 நிமிடம். ஒரே சீராக ஓடும் அணுக்கடிகார நேரத்துக்கும் பூமியின் சுழற்சி காட்டும் நேரத்துக்கும் உள்ள இந்த இடைவெளியை வானியலில் டெல்டா டி என்பார்கள். இன்று அது சுமார் 69 விநாடி.

இந்தக் கணக்கு வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்குச் சாட்சி பாபிலோனில் கிடைத்தது. கி.மு. 136 ஏப்ரல் 15 அன்று அந்த நகரத்தில் முழு சூரிய கிரகணம். அங்கே இருந்த வானியலாளர்கள் சூரியன் உதித்து எவ்வளவு நேரம் கழித்துத் தொடங்கியது, அப்போது வெள்ளியும் புதனும் தெரிந்தன, சாதாரணமாகத் தெரியாத காலத்தில் இருந்த வியாழனும் செவ்வாயும்கூடத் தெரிந்தன என்று களிமண் பலகையில் பதிந்து வைத்தார்கள். இப்போது நம் கணக்கைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். நாளின் நீளம் என்றைக்கும் இன்றைக்குள்ளதுதான் என்று வைத்துக்கொண்டால் நிழல் பாபிலோன் மேல் விழவே விழாது. சுமார் 49 பாகை மேற்கே தள்ளி, ஸ்பெயின், மொராக்கோ பக்கம் போய்விடும். ஆனால் பாபிலோன்காரர்கள் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் இடைப்பட்ட இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளில் பூமியின் கடிகாரம் மூன்றேகால் மணி நேரம் பின்தங்கியிருக்கிறது என்று அர்த்தம். உலகில் எந்த ஆய்வுக்கூடமும் இல்லாத காலத்தில் எடுக்கப்பட்ட இந்த அளவு இன்றைக்கும் பயன்படுகிறது. எனக்கு வானியலிலேயே மிகவும் பிடித்த சங்கதி இதுதான்.

ஸ்டீபன்சன், மாரிசன், ஹோஹென்கெர்க் ஆகிய மூவரும் 2016-இல் கி.மு. 720 முதலான பாபிலோனிய, சீன, கிரேக்க, அரபுப் பதிவுகளையெல்லாம் சலித்துத் தொகுத்தார்கள். அதில்தான் இந்த 1.8 மில்லிவிநாடி வந்தது. ஆனால் ஓதத்தின் உரசலை மட்டும் கணக்கில் எடுத்தால் 2.3 வந்திருக்க வேண்டும். மிச்சம் அரை மில்லிவிநாடியை யார் திருப்பிக் கொடுத்தார்கள்? கடைசிப் பனியுகத்தில் கனடா, ஸ்காண்டிநேவியா மேல் கிலோமீட்டர் கணக்கில் பனிப்பாளம் கிடந்தது. அது உருகிப் போன பிறகு, அமுங்கியிருந்த தரை இன்றும் மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருக்கிறது. துருவப் பக்கம் பொருள் கூடுவதால் பூமி கொஞ்சம் வேகமாகச் சுற்றுகிறது. போதாக்குறைக்குப் பூமியின் திரவக் கருவும் அதற்கு மேலே உள்ள பாறை அடுக்கான மூடகமும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கின்றன. இன்றைக்கு கிரீன்லாந்து, அண்டார்க்டிகா பனி உருகி நீர் கடலில் பரவுவது எதிர்த்திசையில், அதாவது சுழற்சியைத் தளர்த்தும் பக்கம் வேலை செய்கிறது.

இதில் எதுவும் சீராக இல்லை என்பதுதான் சிக்கல். 1900-ஆம் ஆண்டுவாக்கில் டெல்டா டி பூஜ்யத்துக்கும் சற்றுக் கீழே, மைனஸ் மூன்று விநாடி. 2000-இல் 64 விநாடி. நூற்றாண்டுக்கணக்கான போக்கை வைத்துச் சொன்னால் இன்று இரண்டு நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டும். இருப்பதோ 69 விநாடி. அண்மை ஆண்டுகளில் பூமி கொஞ்சம் வேகம் பிடித்துவிட்டது. 2016 டிசம்பர் 31-க்குப் பிறகு, கடிகாரத்தைப் பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போகச் செய்யும் லீப் விநாடி சேர்க்க வேண்டிய தேவையே வரவில்லை.

சரி, இப்போது நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். 3000-ஆம் ஆண்டுவாக்கில் ஒரு முழு கிரகணத்தின் நிழல் சரியாக பெங்களூரு மேல் போவதாக மென்பொருள் காட்டுகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பூமி நாலு நிமிடத்தில் ஒரு பாகை திரும்புகிறது. நம் ஊர் இருக்கும் 13 பாகை அட்சரேகையில் அது ஒரு நிமிடத்துக்கு 27 கிலோமீட்டர். நாள் சரியாக 86,400 விநாடியாக இருந்தது 1820 வாக்கில் என்பதால் கணக்கை அங்கிருந்து தொடங்குவார்கள். 1.8 மில்லிவிநாடி விகிதம் தொடர்ந்தால் அப்போது டெல்டா டி சுமார் 76 நிமிடம். தரை எழும்புவது, கரு இழுப்பது எல்லாம் நின்று ஓதம் மட்டும் மிஞ்சினால் 97 நிமிடம். வித்தியாசம் 21 நிமிடம். தரையில் அது 570 கிலோமீட்டர்! மங்களூரு கடற்கரையிலிருந்து சென்னைக் கடற்கரை வரை உள்ள அகலம் ஏறக்குறைய அவ்வளவுதான். முழு நிழலின் பட்டை மிஞ்சிப்போனால் 270 கிலோமீட்டருக்குள் இருக்கும், பெரும்பாலும் அதைவிடக் குறைவு. ஆக பெங்களூருக்குச் சொன்ன கிரகணம் அரபிக்கடலில் மீனவர்களுக்குத் தெரியலாம், சென்னையில் தெரியலாம், பெங்களூரிலேயும் தெரியலாம். ஓதம் மட்டும் தனியாக மிஞ்சும் என்பது ஒரு கடைக்கோடி நிலை; நிஜமான பிசகு இதைவிடக் குறைவாக இருக்கும் என்பதே என் எண்ணம். ஆனாலும் ஊர் பெயர் சொல்லிப் பந்தயம் கட்ட மாட்டேன்.

10,000-ஆம் ஆண்டுக்கு இதே கணக்கைப் போட்டால் ஒரு விகிதத்தில் டெல்டா டி இரண்டரை நாள், இன்னொன்றில் மூன்றேகால் நாள். பதினேழு மணி நேர வித்தியாசம் என்றால் கிரகணம் நம் பக்கமா அமெரிக்கா பக்கமா என்பதே தெரியாது. சூரியன், சந்திரன், பூமி நேர்கோட்டில் வரும் கணம் தெரியும். அந்தக் கணத்தில் பூமியின் எந்த முகம் சூரியனைப் பார்த்திருக்கும் என்பது தெரியாது. இருபதாயிரம் ஆண்டு தள்ளி வரும் கிரகணத்துக்கு வரைபடம் போட்டு யாராவது பகிர்ந்தால், அழகாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடந்துவிடுங்கள்.

பஞ்சாங்கக்காரர்கள் லேசரும் கணினியும் இல்லாமலே கிரகணம் சொன்னார்களே என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1825-இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணக்கர், தரையில் சோழிகளைப் பரப்பி, எண்களைச் சொற்களாக்கி மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே அந்த ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். சென்னை வானாய்வகத்தில் முன்பு பொறுப்பில் இருந்த ஜான் வாரன் அதைப் பதிவு செய்தார். பின்னாளில் ஓட்டோ நியூகெபவர் என்ற அறிஞர் சரிபார்த்தபோது, தொடக்கம் 4 நிமிடமும், நடு 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் பிசகியிருந்தது. ஏடில்லை, எழுத்தில்லை, சோழி மட்டும்! வியக்கத்தக்க வேலைதான். ஆனால் அந்த முறை சுழற்சிகளை நம்பியது. வாக்கியக் கணிதத்தில் 248 நாள் சுழற்சி முக்கியம். சந்திரன் பூமிக்கு அருகில் வந்து, விலகி, மறுபடி அருகில் வரும் சுற்று அதற்குள் ஒன்பது முறை கச்சிதமாக அடங்கும். பாபிலோன்காரர்கள் 223 அமாவாசைகள் கொண்ட சாரோஸ் சுழற்சியைக் கண்டுபிடித்திருந்தார்கள்: 18 ஆண்டு, 11 நாள், 8 மணி நேரம் கழித்து அதே மாதிரிக் கிரகணம் திரும்ப வரும். அந்த எட்டு மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு திரும்பிவிடுவதால் அடுத்தது வேறு கண்டத்தில் தெரியும். இப்படி ஒரு தொடர் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு ஓடித் தேய்ந்துபோகும். சுழற்சியை மட்டும் வைத்து ஊரையும் நிமிடத்தையும் சொல்ல முடியாது. அதற்கு நியூட்டனும், கிரகண நிழலைக் கணக்கிடும் முறையைத் தந்த பெஸ்ஸலும் வர வேண்டியிருந்தது.

கிட்டத்தில் வரும் கிரகணங்களுக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. 2031 மே 21 அன்று தென் கேரளம், தென் தமிழ்நாடு வழியாக வளையக் கிரகணம் போகும். மதிய நேரம், பெங்களூரிலிருந்தே சூரியனின் பெரும்பகுதி மறைவதைப் பார்க்கலாம். 2034 மார்ச் 20 அன்று முழு கிரகணம் காஷ்மீர், லடாக் பக்கம் தொடும். பத்து ஆண்டில் டெல்டா டி சில விநாடிதான் பிசகும். அது தரையில் ஒன்றிரண்டு கிலோமீட்டர். கிரகணம் நெருங்கியதும் அதுவும் சரியாகிவிடும். சந்திரனைச் சுற்றிவரும் நாசாவின் எல்ஆர்ஓ விண்கலம் அதன் மலை, பள்ளங்களையெல்லாம் அளந்து வைத்திருப்பதால் விளிம்பில் எந்தப் பள்ளத்தாக்கு வழியே கடைசி ஒளி கசியும் என்பதுகூட முன்பே தெரிகிறது. சூரியனின் ஆரம் எவ்வளவு என்பதில்தான் இன்னும் சின்ன இழுபறி. நிழல் பட்டையின் ஓரம் சில நூறு மீட்டர் அப்படி இப்படி ஆவது அதனால்தான்.

இனி இரண்டாவது கேள்வி, லாபம். வெளிப்படையாகச் சொன்னால், 3000-ஆம் ஆண்டில் எந்த ஊரில் இருட்டும் என்ற தகவலால் இன்றைக்கு யாருக்கும் பத்துப் பைசா லாபமில்லை. எஸ்பெனாக், மியூஸ் என்ற இரண்டு வானியல் கணிப்பாளர்கள் கி.மு. 2000 முதல் கி.பி. 3000 வரை உள்ள 11,898 சூரிய கிரகணங்களையும் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலின் பின்பாதியைவிட முன்பாதிதான் விஞ்ஞானிகளுக்குப் பொக்கிஷம். கணக்கு ஒன்றேதான், முன்னால் ஓட்டினால் கணிப்பு, பின்னால் ஓட்டினால் அளவீடு. பழைய பதிவு கணக்கிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ, அந்த விலகலிலிருந்துதான் ஓதம், பனி, பூமியின் கரு எல்லாவற்றையும் பற்றி நாம் தெரிந்துகொள்கிறோம். தொலைநோக்கி வந்த பிறகு உள்ள நானூறு ஆண்டுத் தரவு மட்டும் இருந்திருந்தால் நீண்டகாலப் போக்கே கண்ணில் பட்டிருக்காது.

நம் பக்கத்துக் கல்வெட்டுகள் இதற்கு உதவாதா என்று எனக்கும் ஆசைதான். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் கிரகணத்தன்று நிலம் தானம் கொடுத்த கல்வெட்டுகள் ஏராளம். ஆண்டைச் சரிபார்க்க அவை அருமையான சாட்சி. ஆனால் பெரும்பாலானவை கிரகண புண்ணிய காலம் என்று மட்டும் சொல்லும். எத்தனை நாழிகையில் பிடித்தது, முழுதாக மறைந்ததா என்று சொல்லாது. சிலவற்றில் அந்த ஊரில் தெரியாத கிரகணத்துக்குக்கூடத் தானம் நடந்திருக்கிறது, பஞ்சாங்கத்தைப் பார்த்து. பூமியின் சுழற்சியை அளக்க அது போதாது.

சில ஆண்டு முன்கூட்டிச் சொல்வதன் லாபம் வேறு வகை. 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தின் பாதை முன்பே தெரிந்ததால்தான் பிரான்சிலிருந்து ழான்சென் கப்பல் ஏறி வந்து குண்டூரில் கருவியோடு காத்திருந்தார். சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். அன்று நிறமாலையில் தெரிந்த மஞ்சள் கோடுதான் பின்னால் ஹீலியம் என்று ஆனது. பூமியில் அந்த வாயு கையில் கிடைத்தது 1895-இல். 1919 மே 29 கிரகணத்தின்போது சூரியன் பிரகாசமான ஹையடிஸ் விண்மீன் கூட்டத்தின் முன்னால் இருக்கும், ஐன்ஸ்டைன் சொன்ன ஒளி வளைவைச் சோதிக்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது என்று பிரிட்டிஷ் வானியலாளர் ஃப்ராங்க் டைசன் 1917-இலேயே கவனித்துச் சொன்னார். போர் நடந்துகொண்டிருக்கும்போதே திட்டம் போட்டார்கள்.

"இப்போதுதான் ஆதித்யா எல்1 இருக்கிறதே, இனி கிரகணம் எதற்கு?" என்ற கேள்வி பெங்களூரில் சகஜமாக வரும். சூரியனை ஆராயும் அந்த இஸ்ரோ விண்கலத்தின் முக்கியக் கருவியான விஇஎல்சியை உருவாக்கியது கோரமங்களாவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம். கருவி தயாரானது நம் ஒசகோட்டையில். அது சூரியனை ஒரு தட்டால் மறைத்து வெளிமண்டலமான கரோனாவைத் தினமும் பார்க்கிறது. ஆனால் தட்டு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அதன் விளிம்பில் ஒளி சிதறும். சந்திரன் அவ்வளவு தூரத்தில் இருந்து மறைப்பதால் கிரகணத்தில் அந்தத் தொந்தரவு மிகக் குறைவு. கரோனா பத்து லட்சம் பாகைக்கு மேல் கொதிப்பது ஏன் என்பதற்கு விடை சூரிய விளிம்பை ஒட்டிய பகுதியில்தான் இருக்கிறது. இந்தச் சிதறல் தொந்தரவைக் குறைக்கத்தான் ஐரோப்பியர்கள் ப்ரோபா-3 என்று இரண்டு விண்கலங்களை விட்டார்கள். ஒன்று மறைக்கும், 150 மீட்டர் பின்னால் இன்னொன்று படம் எடுக்கும். 2024 டிசம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் பிஎஸ்எல்வியில்தான் போனது.

இன்னொரு பயனும் உண்டு. கொல்கத்தாவில் உள்ள ஐசர் அறிவியல் கல்வி நிறுவனக் குழுவினர் 2017 ஆகஸ்ட் கிரகணத்துக்கு முன்பே கரோனா அன்று எந்த வடிவில் இருக்கும் என்று கணித்து வெளியிட்டார்கள். கிரகண நேரம் விநாடி சுத்தமாகத் தெரியும், கரோனாவின் வடிவம் தெரியாது. தேர்வுத் தேதியை முன்பே அறிவித்துவிட்டுக் கணிப்பைச் சோதிக்க இதைவிட நேர்மையான வழி கிடையாது.

ரொம்பவும் தொலைவுக்குப் போனால் கேள்வி வேறாகிவிடும். சந்திரன் விலகிக்கொண்டே இருப்பதால் சுமார் 60 கோடி ஆண்டில் அது சூரியனை முழுதாக மறைக்கும் அளவுக்குப் பெரிதாகத் தெரியாது. அப்புறம் வளையக் கிரகணம் மட்டும்தான். இந்த எண்ணையும் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். இன்றைய 3.8 சென்டிமீட்டர் வேகத்தைப் பின்னோக்கி ஓட்டினால், அருகே போகப் போக ஓதம் பலமாகும் என்ற கணக்கில் 150 கோடி ஆண்டுக்கு முன்பே சந்திரன் பூமியில் ஒட்டியிருக்க வேண்டும். அதன் வயதோ 450 கோடி. கண்டங்கள் நகர, கடல்களின் வடிவம் மாற, ஓதத்தின் உரசலும் மாறும் என்பதே காரணம்.

மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஸ்டெல்லேரியத்தின் நேர அமைப்புகளில் டெல்டா டி கணக்கிடும் முறையை மாற்ற வழி இருக்கிறது. 3000-ஐ ஒட்டி ஏதாவது ஒரு கிரகணத்தை எடுத்துக்கொண்டு, முறையை ஒவ்வொன்றாக மாற்றி, பெங்களூரில் சூரியன் எவ்வளவு மறைகிறது என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம் அதையே 2031 மே 21-க்குச் செய்து பார்க்கட்டும். முதலில் எண்கள் நிறைய ஆடும், இரண்டாவதில் அசைவே தெரியாது. அந்த வித்தியாசம் ஏன் என்று அவளே உங்களுக்கு விளக்கிவிடுவாள்.